ரசீது எண் இல்லாத பிள்ளை

தண்ணீர் லாரி ஓட்டும் பெண்களை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஒருத்தி நாலு பேருக்குச் சமம் என்பதால் நாலு பேரைப் பார்த்ததாகவே வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவுக்குள் அவள் லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது சுவருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி போகும், அவ்வளவுதான். சுவர்கள்தான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் தலையைச் சொறிவாள்.

எல்லோருக்கும் அவள் லாரியக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

முதலில் அவள் நீரேற்று நிலையத்தில் குழாய் திறந்து மூடும் வேலையில் இருந்தாள். டிரைவர்கள் டீ குடிக்கப் போய்விட்டால், வரிசையில் நிற்கும் லாரிகளை யாராவது பத்தடி முன்னுக்கு நகர்த்த வேண்டும். அந்தப் பத்தடி பத்தடியிலேயே அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில், எட்டு போட்டுக் காட்டச் சொன்ன அதிகாரியிடம், "எட்டு போதுமா சார், எண்பத்தெட்டு வேணுமா?" என்று கேட்டாளாம். மறுநாளே அந்த அதிகாரி மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இதை நீங்கள் நம்ப வேண்டாம். இனிமேல் சொல்வதை நம்புங்கள். இதைவிட நம்ப முடியாததெல்லாம் அதில்தான் இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் லாரியக்கா, அவள் தங்கை, தங்கையின் மகள். தங்கை பொத்தான் தொழிற்சாலையில் அட்டையில் பொத்தான் தைப்பவள். மகளுக்கு ஏழு வயது. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவு இருந்ததால் பட்டாணி என்று பெயர் விழுந்துவிட்டது. அப்பன் என்று ஒருவன் பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருந்தான். பட்டாணிக்கு அம்மா தலை வாருவாள், பெரியம்மா சடையைப் பிரித்து மறுபடி வாருவாள். "அவ தலையை ஏண்டி இப்படி இறுக்குறே, கண்ணு மேல போயிடுச்சு பாரு" என்று ஒருத்தி. "நீ வாருனா சாயங்காலம் வர்றதுக்குள்ள தேங்கா நாரு" என்று இன்னொருத்தி. நடுவில் பட்டாணி ரிப்பனைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு தடவை வெளியூரில் பெரிய குழாய் உடைந்தது. இருபது லாரிகளை அங்கே அனுப்பினார்கள். லாரியக்காவும் போனாள். அங்கே இருந்த இரண்டு நாளும் போனுக்குச் சிக்னல் இல்லை. முதல் நாளே தங்கை தொழிற்சாலையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். முப்பத்தோரு வயது. பள்ளிக்கூட வாசலில் பட்டாணி ஐந்து மணி வரை நின்றாள். பள்ளிக்கூடம் போலீஸைக் கூப்பிட்டது. போலீஸ் குழந்தைகள் இல்லத்தைக் கூப்பிட்டது. இல்லத்து வண்டி வந்து கூட்டிக்கொண்டு போனது. இதில் யார் மேலும் ஒரு சொல் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

லாரியக்கா திரும்பி வந்தாள். தங்கையைச் சவக்கிடங்கிலிருந்து எடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அழுக்குச் சட்டையை மாற்றாமலேயே இல்லத்துக்குப் போனாள். இல்லத்துக் காப்பாளர் அம்மா நல்ல மாதிரிதான் பேசினார்.

"நீங்க பெரியம்மாதான், நான் நம்புறேன். பிள்ளையே உங்களைப் பார்த்ததும் ஓடி வருதே. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? கோர்ட்ல மனு போட்டு, பொறுப்பாளர்னு உத்தரவு வாங்கிட்டு வாங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"உத்தரவு வர்றப்ப வரட்டும். ஆனா அறுபது நாளுக்குள்ள கேஸ் நம்பராவது என் கைக்கு வரணும். வரலைன்னா, கேட்டு வர ஆளில்லாத பிள்ளைன்னு எழுதி மேல அனுப்பிடணும். அப்புறம் எந்த ஊருக்குப் போகும், எந்த வீட்டுக்குப் போகும்னு எனக்கே தெரியாது."

"ஆளில்லாத பிள்ளையா? நான் என்ன, கம்பமா நிக்கிறேன்?"

"காகிதத்துல நீங்க இன்னும் இல்லைம்மா" என்றார் காப்பாளர்.

காகிதம்தானே, என்று நினைத்துக்கொண்டாள். மூன்றே நாளில் மனு தயார். நீதிமன்ற வாசலில் மரத்தடியில் மனு அடித்துக் கொடுக்கும் அம்மா ஒரே மூச்சில் அடித்து, "மூணாம் ஜன்னல்ல கொடுங்க. குழந்தை விஷயத்துக்கு இப்பக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டா என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று வீரமாகச் சொல்லியும் அனுப்பினார். அது உண்மைதான். நீதிமன்றத்து நடையில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள்: குழந்தைகள் நலன் மற்றும் சிறார் தொடர்பான எந்த மனுவுக்கும் நீதிமன்றக் கட்டணம் இல்லை. நீல நிறத்தில், பூப்போட்ட ஓரத்தோடு.

மூன்றாம் ஜன்னலில் இருந்தவருக்குப் பெயரே மூணாம் ஜன்னல்தான். இருபத்தாறு வருடமாக அங்கேயே உட்கார்ந்தவருக்கு வேறென்ன பெயர் வரும்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேனாவை மூடாமல் கீழே வைக்க மாட்டார். மனுவை வாங்கி, நாலு மூலையும் பார்த்து, சிரித்த முகமாகச் சொன்னார்: "இதுக்குக் கட்டணம் இல்லைம்மா. சந்தோஷமாப் போங்க. நம்பர் வரும்."

அவளும் சந்தோஷமாகத்தான் போனாள். அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவள், "கவர்மென்டுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குப் பாருங்க" என்றாள். அரசாங்கம் ஒன்றை இலவசம் என்று பூப்போட்டு எழுதினால் நான் ஓடுவதற்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிற ஜாதி.

இருபதாவது நாள் போய்க் கேட்டாள். "வரும்மா" என்றார். முப்பத்தாறாவது நாள் போனாள். "வந்தா சொல்ல மாட்டோமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இல்லத்தில் அரை மணி நேரம் பட்டாணியைப் பார்க்க விடுவார்கள். ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். மடியில் உட்கார அனுமதி இல்லை. முதல் வாரம் பட்டாணி அழுதாள். மூன்றாம் வாரம் அழவில்லை. ஆறாம் வாரம், உள்ளே போகலாமா என்று காப்பாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, நேரம் முடியும் முன்பே எழுந்து போனாள். அன்று லாரியக்கா வண்டியில் ஏறி, சாவியைப் போட்டு, கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பத்தெட்டாவது நாள் காலை பத்து மணிக்கு மூன்றாம் ஜன்னலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு. என் மனு எங்க இருக்குன்னு கண்ணால காட்டுங்க."

மூணாம் ஜன்னல் பேனாவை மூடினார். திரும்பி, மின்விசிறிக்குக் கீழே இருந்த அலமாரியைக் காட்டினார். சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டு. மேலே தூசு.

"அதுலதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருக்க அது என்ன நகையா? நம்பர் ஏன் போடலை?"

அவர் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். மறைக்கிற மனிதர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டால் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். பதிவேட்டில் முதல் கட்டம் ரசீது எண். இரண்டாவது கட்டம் வழக்கு எண். மனு கொடுப்பவர் கட்டணம் கட்டுவார், ரசீது கிழிப்பார்கள், அந்த ரசீது எண்ணை முதல் கட்டத்தில் எழுதினால்தான் இரண்டாவது கட்டத்தில் வழக்கு எண் எழுதலாம். காலம் காலமாக அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடம் கருணை கொண்டு, குழந்தைகள் விஷயத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டது. பலகை வைத்தது. பதிவேட்டை யாரும் தொடவில்லை.

"கட்டணம் இல்லை. அதனால ரசீது இல்லை. ரசீது இல்லாததால முதல் கட்டம் காலி. முதல் கட்டம் காலியா இருந்தா ரெண்டாவது எழுதக் கூடாதும்மா" என்றார் அவர், கணக்கு வாத்தியார் போலப் பொறுமையாக.

லாரியக்காவுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் காது சிவந்தது.

"கட்டணம் வாங்குன காலத்துல?"

"அன்னன்னிக்கே நம்பர் போட்டுடுவோம்."

"அப்போ இந்தாங்க, கட்டணத்தை வாங்கிக்குங்க."

"ஐயோ, வாங்கக் கூடாது! பலகை பார்க்கலையா? வாங்குனா என் வேலை போயிடும்."

"ஒரு கோடு போடுங்க. சைபர் போடுங்க."

"கோடு ரசீது எண் ஆகுமாம்மா?"

"மேல எழுதிக் கேட்டீங்களா?"

"மூணு தடவை எழுதிட்டேன். உங்க கடிதத்துல ரசீது எண் குறிப்பிடலைன்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அந்தக் கட்டுல எத்தனை மனு இருக்கு?"

"உங்களோடது சேர்த்து நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொரு பிள்ளைங்க. இவங்க வீட்டு ஆளுங்க வந்து கேக்குறப்ப எல்லாம் வரும் வரும்னு சொல்லி அனுப்புனீங்க. எப்படி வரும்? நடந்து வருமா?"

"வராதுன்னு சொல்ல எனக்கு உத்தரவு இல்லைம்மா" என்றார் மூணாம் ஜன்னல்.

கொடுமைக்காரன் என்றால் திட்டலாம், லஞ்சம் கேட்டால் கழுத்தைப் பிடிக்கலாம். இந்த மனிதர் பத்து பைசா வாங்காதவர். மழை வந்தால் தன் குடையை அடுத்த ஜன்னல்காரருக்குக் கொடுத்துவிட்டு நனைந்து போகிறவர். அப்படிப்பட்டவர், நாற்பத்தொரு பிள்ளைகளைச் சிவப்பு நாடாவில் கட்டி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, மத்தியானம் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் அந்த டப்பாவை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

லாரியக்கா வெளியே வந்தாள். லாரி வாசலுக்கு எதிரே நின்றது. ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் நடுவில் முழங்கையை வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தாள்.

அது காற்றழுத்த ஹாரன். மலைப்பாதையில் எதிரே வருகிற யானை கேட்டாலும் ஒதுங்கும். நீதிமன்றக் கூரையிலிருந்த புறாக்கள் அன்று போனவை தபால் நிலையத்தில் குடியேறிவிட்டன, இன்னும் திரும்பவில்லை. இரண்டு அறைகளில் விசாரணை நின்றது. சாட்சி சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார் என்றும் பேச்சு.

வாசல் போலீஸ்காரர் ஓடி வந்து லாரிக் கதவைத் தட்டினார். "ஏம்மா, கையை எடு! கையை எடுங்கறேன்! இது அமைதிப் பகுதி, போர்டு கண்ணுல படலை?"

"போர்டெல்லாம் நல்லாப் படுது. இங்க போர்டுக்கு ஒண்ணும் குறைச்சலே இல்லை."

"அபராதம் தெரியுமா?"

"போடுங்க."

போலீஸ்காரர் சீட்டு எழுதினார். தள்ளுபடி செய்த கட்டணத்தைப்போல நாலு மடங்கு. "போய் மூணாம் ஜன்னல்ல கட்டிட்டு வா."

அவள் மறுபடியும் அதே ஜன்னலுக்குப் போனாள். மூணாம் ஜன்னல் முகம் சுருங்கிச் சீட்டை வாங்கினார், பணத்தை வாங்கினார், ரசீதுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார், கிழித்து நீட்டினார். அவள் மடித்துப் பையில் வைக்கப் போனவள், நின்றாள். ரசீதின் வலது மூலையில் சிவப்பு மையில் ஓர் எண் அச்சாகியிருந்தது.

"சார், இது என்ன?"

"ரசீது எண்."

"உங்க பதிவேட்டுல முதல் கட்டத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"ரசீது எண்…" என்றவர், அவள் எங்கே போகிறாள் என்று புரிந்து, "இல்லைம்மா, இல்லை. இது அபராத ரசீது" என்றார்.

"அபராத ரசீதோட எண்ணை எழுதக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அப்படி… நான் பார்த்ததில்லை."

"கட்டண ரசீதுக்கு வேற புத்தகம், இதுக்கு வேற புத்தகமா?"

"எல்லாத்துக்கும் ஒரே புத்தகம்தான்."

"அப்ப எழுதுங்க."

அவர் விதிப்புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். வரிசையில் பின்னால் நின்ற வக்கீல் குமாஸ்தா, "அட எழுதுங்க சார், அந்தம்மா மறுபடி வண்டில போய் உட்கார்ந்துட்டா என் காது போயிடும்" என்றார். அரை மணி நேரம் தேடியும் கூடாது என்று ஒரு வரி கிடைக்கவில்லை. மூணாம் ஜன்னல் பேனாவைத் திறந்தார். இத்தனை நாள் காலியாகக் கிடந்த கட்டத்தில், முத்து முத்தாக, ஹாரன் அடித்த குற்றத்தின் எண்ணை எழுதினார். அடுத்த கட்டத்தில் வழக்கு எண்ணை எழுதினார். மொத்தம் எடுத்த நேரம், நீங்கள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைக்கிற நேரம்.

அதே சாயங்காலம் நம்பர் காப்பாளர் கையில் இருந்தது.

இதோடு அவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அந்த வாய் மூடுகிற வாய் இல்லை. மறுநாள் ஜன்னலில் நின்று மீதி நாற்பது பேரின் முகவரியையும் எழுதி வாங்கினாள். முகவரி கொடுக்கக் கூடாது என்றும் விதி இல்லை; அவரே தேடிப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் லாரிக்காரிக்குத் தெரியாத தெரு ஏது? நடை நடையாகத் தண்ணீர் இறக்கிக்கொண்டே செய்தி சொன்னாள். ஆட்கள் வந்தார்கள். பதினோரு மணிக்கு லாரி வாசலில் நிற்கும். ஒவ்வொருவராக ஏறுவார்கள், ஒரு முறை அடிப்பார்கள், இறங்குவார்கள், சீட்டு வாங்குவார்கள், கட்டுவார்கள், ஜன்னலில் எண் வாங்குவார்கள். தம்பியைச் சிறார் காவலிலிருந்து ஜாமீனில் எடுக்கக் காத்திருந்த ஒரு செருப்புக் கடைக்காரர், பயந்துபோய் மெதுவாக அடித்தார். சத்தமே வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பலமா அடிங்கய்யா, குற்றம் ஆகணும்ல" என்று போலீஸ்காரரே சொன்னார். மூன்றாம் நாள் அவருடைய சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோய்ப் புதுப் புத்தகம் வாங்கி வந்தார். அபராதம் கட்ட வழியில்லாத இரண்டு பேருக்கு நீரேற்று நிலைய டிரைவர்கள் கட்டினார்கள். கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்காகத்தான் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள் என்பதை இங்கே ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் அந்த முகவரித் தாளைக் காட்டினாள். நாற்பதில் இருபத்தொன்பது பேர்தான் வந்தார்கள். ஆறு வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாலு பிள்ளைகளை, ஆளில்லாத பிள்ளை என்று எழுதி எப்போதோ மேலே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆட்கள் இங்கே வாரா வாரம் ஜன்னலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மீதி ஒருவன் சைக்கிள் திருடியதாகப் பிடிபட்டவன். ஜாமீன் மனு கட்டுக்குள்ளேயே கிடக்க, உள்ளேயே பதினெட்டு முடிந்து, பெரியவர்கள் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அவன் அம்மாவிடம் லாரியக்கா போய்ச் சொன்னபோது அந்த அம்மா கேட்டாராம்: "ஒரு ஹாரன் அடிச்சிருந்தாப் போதுமா?"

அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அறுபத்தொன்பதாவது நாள் மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கிக் காகிதங்களைப் பார்த்தார். "இதுக்குக் கட்டணமே கிடையாதே, ரசீது எண் எப்படி வந்தது?" என்று கேட்டார். லாரியக்கா முதலிலிருந்து சொன்னாள். ஹாரன் வந்த இடத்தில் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா" என்றாள் லாரியக்கா.

நீதிமன்றப் பணியாளர் அவளைத் தடுக்க ஓரடி முன்னால் வந்தார். நீதிபதியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க ரூம் மாடியில. அந்த ஜன்னல் கீழ. நடுவுல பதினெட்டுப் படி, நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். ரெண்டு வருஷமா அந்தக் கட்டு அங்க இருக்கு. குழந்தைங்க மனு ஒண்ணுகூட மேல வரலையே, ஊர்ல பிள்ளைங்களுக்குக் கஷ்டமே இல்லாமப் போச்சான்னு நீங்க யாரும் கேக்கலை. பலகையில பூப்போடத் தெரிஞ்சவங்களுக்குக் கட்டத்துல ஒரு சைபர் போடத் தெரியலை. நான் தப்புப் பண்ணேன், எனக்கு நம்பர் கொடுத்தீங்க. தப்பே பண்ணாத வரைக்கும் நான் ஆளே இல்லை. இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு உத்தரவை எழுதினார். கட்டில் மீதி இருப்பதையெல்லாம் அன்றே மாடிக்குக் கொண்டு வரச் சொல்லி இன்னொன்று எழுதினார். அவர் எழுதியதெல்லாம் சரிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அறுபத்தொன்பது நாளைத் திருப்பிக் கொடுக்கிற பேனா அவரிடமும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு இல்லம். காப்பாளர் உத்தரவைப் படித்துவிட்டு லாரியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பட்டாணி ஒரு துணிப்பையோடு வந்தாள். மெலிந்திருந்தாள். தலையை யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஓடி வரவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு கடந்ததும் கேட்டாள்.

"பெரியம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீயா? நீ ஒண்ணும் பண்ணலைடி தங்கம்."

"அப்ப ஏன் இத்தனை நாள் விட்டுட்டே? ஞாயித்துக்கிழமை வருவே, விட்டுட்டுப் போயிடுவே. பெரிய பிள்ளைங்க சொன்னாங்க, கெட்ட பிள்ளையை மட்டும்தான் யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு. நான் அன்னிக்கு ரிப்பனைத் தொலைச்சேன்ல, அதுக்கா?"

லாரியக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"இல்லை. அது வந்து… கோர்ட்ல ஒரு பெரிய நோட்டு. அதுல ஒரு கட்டம். அது காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா எழுத வேண்டியதுதானே?"

"எழுதக் கூடாதுன்னாங்க."

"ஏன்? அவங்ககிட்டப் பென்சில் இல்லையா?"

நீதிபதிக்குப் பதில் வைத்திருந்தவள், போலீஸ்காரருக்குப் பதில் வைத்திருந்தவள், இந்த ஏழு வயதுக்கு முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூன்று தடவை சொல்லிப் பார்த்தாளாம். ஒவ்வொரு தடவையும் பட்டாணி கடைசியில், "அப்ப ரிப்பனுக்கு இல்லையே?" என்றே கேட்டாளாம்.

லாரியக்கா வண்டியைத் திருப்பினாள்.

நீதிமன்றத்து நடையில் மத்தியான நேரத்து வரிசை. லாரியக்கா யாரையும் கேட்காமல் முன்னால் போய், பட்டாணியை இடுப்பில் தூக்கி, மூன்றாம் ஜன்னலின் திட்டில் உட்கார வைத்தாள். மூணாம் ஜன்னல் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தொரு பெயர்களை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தவர், அதில் ஒன்றின் முகத்தை அன்றுதான் பார்க்கிறார்.

"இவதான் சார். இத்தனை நாள் ஏன் ஆச்சுன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் பிள்ளையிடம்.

"அது பதில் இல்லை" என்றாள் லாரியக்கா.

பட்டாணி கம்பிக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். பதிவேடு திறந்துதான் கிடந்தது. அவர் அதை மூடப் போனார். பிள்ளை பார்க்கிறது என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள் அவள். "நாங்க நிக்கிறோம்."